ஸ்மார்ட் போட் வந்தும் புள்ளி ஏறவில்லை

உங்கள் பாடசாலைக்கு ஸ்மார்ட் போட் வரப்போகிறது என்றாலும் சரி, வந்து துணி போர்த்தியபடி மூலையில் நிற்கிறது என்றாலும் சரி, இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். திருகோணமலை நகரத்துக்கு வெளியே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பாடசாலையொன்றில் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் காசு சேர்த்து 75 அங்குலத் தொடுதிரை வாங்கித் தந்தார்கள். நாடா வெட்டி, பொன்னாடை போர்த்தி, படமும் எடுத்து முடிந்த பிறகு சாவி என்னிடம் வந்தது. இது எப்படிப் பழுதாகும், இதை வைத்து எப்படிப் படிப்பித்தால் பிள்ளைகளின் புள்ளி உண்மையில் உயரும் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. தனியாக அலைந்து தெரிந்துகொண்டதை அடுத்தவருக்கு மிச்சப்படுத்தத்தான் எழுதுகிறேன்.

முதலில் கரண்ட். 230 வோல்ட் என்பது கணக்கு. ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் கட்டடத்தில் மத்தியானம் மீற்றரை வைத்துப் பார்த்தால் 200க்குக் கீழும் காட்டும். அதைவிட ஆபத்து, கரண்ட் போய்த் திரும்பி வரும் நொடி. அதைவிட ஆபத்து, ஐப்பசி மாத இடி மின்னல். எங்கள் திரை அப்படித்தான் போனது. சுவிட்சை நிறுத்தியிருந்தார்கள், பிளக் சுவரிலேயே இருந்தது. சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும், மற்ற வயர்களின் வழியே மின்னல் உள்ளே வரும். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், மின்னலுக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் கம்பனி பொறுப்பில்லை என்று இருந்தது. மெயின் போர்டுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வந்துபோகவும் சேர்த்து ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கேட்டார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அந்தக் காசைக் கேட்டு நின்ற நாளின் வெட்கம் இன்னும் போகவில்லை. ஒரு தவணை முழுக்கத் திரை கறுப்பாகவே தொங்கியது.

ஆகவே திரை வருவதற்கு முன்பே, வோல்டேஜைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிவிடுங்கள். 75 அங்குலத் திரை கூடினால் 400 வாட் அளவில் இழுக்கும், 1000 விஏ ஸ்டெபிலைசர் தாராளம். கணினிக்கு வாங்கும் 650 விஏ யூபிஎஸ்ஸில் இதைக் கொழுவாதீர்கள், அதன் தாங்குசக்தி 360 வாட் அளவில்தான். கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் பொறுத்துக் கொழுவ வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கோடு நெட்வேர்க் வயரையும் கழற்ற வேண்டும், அந்த வழியாலும் மின்னல் வரும். இந்தப் பொறுப்பை வகுப்புத் தலைவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலையை ஒருவரும் செய்வதில்லை.

இரண்டாவது உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, யன்னல் பிணைச்சலைப் பார்த்தாலே தெரியும். எச்டிஎம்ஐ வயரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்து, படம் விட்டு விட்டு வரும். திரை பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள், பிறகு ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் முனையைத் துடைத்துப் பாருங்கள். பாதி நோய் அதிலேயே தீரும். இரவில் பொலித்தீனால் மூடக் கூடாது, ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் கெடுதல். பருத்தித் துணிதான் நல்லது. திரையை மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்ட விடாதீர்கள். பெரும்பாலான திரைகளில் தொடுகையை அறிவது சட்டகத்தைச் சுற்றி ஓடும் அகச்சிவப்புக் கதிர். நேர்வெயில் பட்டாலோ, ஓரத்தில் தூசியோ பூச்சியோ இருந்தாலோ ஒருவரும் தொடாமலே திரை தானாக எழுதும். பிள்ளைகள் பேய் என்று சிரிப்பார்கள், பாடவேளை போய்விடும்.

இதெல்லாம் சரிவந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. திரையில் வீடியோ போட்டேன், படங்கள் காட்டினேன், பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். தவணைப் பரீட்சையில் ஒரு மாற்றமும் இல்லை. மனம் விட்டுப்போனது. பிறகு தேடி வாசித்தபோதுதான் இது உலகம் முழுக்க நடந்த கதை என்று தெரிந்தது. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்து, 319 கிராமப் பாடசாலைகளை ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. கணினிக்கு அதிகம் செலவழித்த நாடுகளில், 15 வயது மாணவருக்கான பீசா என்ற சர்வதேசப் பரீட்சையின் முடிவுகள் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று, அதை நடத்தும் ஓஇசிடி என்ற நாடுகளின் கூட்டமைப்பும் 2015இல் எழுதியது. காரணம் எளிது. கரும்பலகையில் நான் சொன்னதைத் திரையில் சொன்னேன், அவ்வளவுதான். 40 நிமிடத்தில் பிள்ளையின் மூளை என்ன வேலை செய்தது என்று பார்த்தால் முன்னும் பின்னும் ஒன்றுதான்.

அதன் பிறகு தலைகீழ் வகுப்பறைக்குப் போனேன். விளக்கத்தை வீட்டில் வீடியோவில் பார்ப்பது, கணக்கையும் சந்தேகத்தையும் வகுப்பில் பார்ப்பது. 2007 அளவில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயனவியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியதிலிருந்து பரவிய முறை இது. மாரி காலத்தில் வரவு பாதியாகும் நம் பக்கத்துக்கும் பொருந்தும் என்றுதான் நினைத்தேன். வீடியோ எடுக்கப் பெரிய சாமான் தேவையில்லை. இரண்டு அடுக்குப் புத்தகத்தின் மேல் ஒரு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, போனைக் கமெரா கீழே பார்க்கும்படி அதில் வைத்து, கீழே தாளில் எழுதிக்கொண்டே கதைத்தால் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இயர்போன் மைக்கில் கதைக்க வேண்டும். படம் மங்கினாலும் பிள்ளை பொறுக்கும், சத்தம் கேட்காவிட்டால் பார்க்காது. ஒரு வீடியோவில் ஒரு விடயம்தான். பிலிப் குவோ குழுவினர் 2014இல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் நிலைத்துப் பார்த்த நேரம் பொதுவாக 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. 480பி தரத்தில், விநாடிக்கு 500 கிலோபிட் அளவில் சுருக்கினால் 6 நிமிட வீடியோ 25 எம்பி அளவில் நிற்கும். சுருக்காமல் அனுப்பினால் பிள்ளைகளின் டேட்டா இரண்டு பாடத்தில் முடிந்துவிடும்.

வீடியோவைப் பிள்ளையின் கையில் சேர்ப்பதுதான் மலை. நம் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு போன்தான். அது பின்னேரம் தகப்பனோடு கடலுக்குப் போகும், விடியத்தான் திரும்பி வரும். வட்ஸ்அப் குழுவில் இரவு ஏழு மணிக்கு அனுப்பிவிட்டு, காலையில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. பாடத்துக்கு மூன்று நாளுக்கு முன் அனுப்ப வேண்டும். டேட்டா போட வசதியில்லாத பிள்ளை பாடசாலையிலேயே ஷெயாரிட் என்ற செயலியில் வாங்கிக்கொள்ளட்டும், அதற்கு இணையம் தேவையில்லை. கொஞ்சம் காசிருந்தால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இணையமே இல்லாமல் பாடசாலைக்குள் வீடியோக்களைக் கொடுக்கலாம். ஆனால் அதன் உள்ளேயுள்ள வைஃபை ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தாங்காது, ஒரு சாதாரண ரௌட்டரைக் கூட வைக்க வேண்டும். கரண்ட் திடீரென்று போனால் அதன் மெமரி கார்டில் உள்ளது பழுதாகிவிடலாம். ஆகவே எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே அந்தக் கார்டை இன்னொரு கார்டில் பிரதி எடுத்து அலுமாரியில் வைத்துவிடுங்கள். பவர் பேங்க் ஒன்றை இடையில் வைத்தால் தப்பலாம் என்று கடையில் சொல்வார்கள். சார்ஜ் ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு மாறும் அந்தக் கணத்தில் பல பவர் பேங்குகள் கரண்டை ஒரு நொடி விட்டுவிடும். வாங்கும் முன் கடையிலேயே கொழுவிக் கழற்றிப் பாருங்கள்.

பார்த்துவிட்டு வராத பிள்ளைக்காகப் பாடத்தை மறுபடி பலகையில் விளக்காதீர்கள். ஒருமுறை விளக்கினால் அடுத்த கிழமை பார்த்துவந்த பிள்ளையும் பார்க்காது. வாசலில் மூன்று கேள்வியுள்ள துண்டுத்தாள் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் பின்வரிசையில் முதல் பத்து நிமிடம் டெப்பில் அந்த வீடியோவைப் பார்க்கட்டும். தண்டனை மாதிரி முகத்தைக் காட்ட வேண்டாம், போன் இல்லாதது பிள்ளையின் குற்றமில்லை.

இவ்வளவும் செய்து மிஞ்சிய நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு கேள்வி, நான்கு விடை. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை காட்ட வேண்டும், கதைக்கக் கூடாது. சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 30க்கும் குறைவென்றால் திரும்ப விளக்குங்கள், 70க்கு மேலென்றால் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இடையில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு, மறுபடி விடை காட்டச் சொல்லுங்கள். விடை காட்டப் பிளிக்கர்ஸ் என்ற செயலியின் அட்டை நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்புக் குறியீடு அச்சடித்த ஒரு தாள் அட்டை, எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுதான் விடை. ஆசிரியரின் ஒரே ஒரு போன் வகுப்பு முழுவதையும் படம்பிடித்து எண்ணிவிடும். பக்கத்துப் பிள்ளையின் விடை ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் இதன் பெறுமதி. கை உயர்த்தச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் மற்றக் கைகள் உயரும்.

அட்டை நாசமாகாமல் இருக்க லெமினேட் பண்ணத் தோன்றும். பளபளப்பான லெமினேட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், போன் வாசிக்காது, அந்தக் காசு வீண். தடித்த மட் தாளில் அச்சடித்து, பின்பக்கம் காட்போட் ஒட்டினால் போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கப் பழக்க வேண்டும். கடைசி வாங்கில் இருப்பவர்களின் அட்டையை அரைவாசி வெளிச்சத்தில் போன் பிடிக்காது, நீங்கள் எழுந்து நடக்க வேண்டும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். ஓட்ட மின்னியலில், ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. எது கூடப் பிரகாசமாக எரியும்? மின்கலத்தின் நேர்முனைக்குக் கிட்டவுள்ளதா, எதிர்முனைக்குக் கிட்டவுள்ளதா, இரண்டும் சமமாகவா, இரண்டும் எரியாதா? முதல் குமிழ் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு விடும் என்று நம்பும் பிள்ளைகள் தரம் 11இலும் நிறைய. அவர்களில் பலர் ஓமின் விதிக் கணக்கைப் பிழையில்லாமல் செய்வார்கள். பிழையான விடைகள் மூன்றும் பிள்ளைகளின் உண்மையான குழப்பத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும், இடத்தை நிரப்பப் போட்டவையாக இருந்தால் வாதாட்டம் நடக்காது. நல்ல பிழைகள் கடந்த வருடத்து விடைத்தாள் கட்டுக்குள் கிடக்கின்றன, கொலராடோ போகத் தேவையில்லை.

வாதாடி முடிந்ததும் செய்து காட்ட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் வாங்கும் மலிவு டோர்ச் குமிழ்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தடையில் வித்தியாசம் இருக்கும். தொடரில் போட்டால் ஒன்று மினுக்கமாகவும் மற்றது மங்கலாகவும் எரியும், பிழையான விடை சொன்ன பிள்ளை வென்றுவிடும். முதல்நாளே பத்துப் பன்னிரண்டு குமிழ்களைச் சோடி சோடியாக எரித்துப் பார்த்து, சமமாக எரியும் சோடிகளை நிறப் புள்ளியிட்டு வையுங்கள். அப்படியும் வித்தியாசம் வந்தால் குமிழ்களை இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் குமிழோடு சேர்ந்தே நகர்ந்தால், காரணம் குமிழ்தான், அது இருக்கும் இடமில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இந்தத் தோல்விப் பரிசோதனை சரியாக நடந்த பரிசோதனையை விடக் கூடப் படிப்பித்தது. குமிழ் இல்லாவிட்டால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) உருவகப்படுத்தல்கள், அதாவது கணினியில் செய்துபார்க்கும் பரிசோதனைகள், இருக்கின்றன, ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே ஓடும். (சரி, அதற்கு மட்டும் கொலராடோ.) ஸ்மார்ட் போட்டின் உண்மையான வேலை இதுதான். ஒரு பிள்ளை வந்து சுற்றைக் கட்டும், வகுப்பு முழுவதும் சேர்ந்து பார்க்கும்.

இனி முறைப்பாடுகளுக்கு ஆயத்தமாகுங்கள். "டீச்சர், நோட்ஸ் தாங்கோ" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். "அங்க படிப்பு நடக்கிறதில்ல, பிள்ளையள் சும்மா கதைச்சுக்கொண்டு இருக்குதுகளாம்" என்று பெற்றோர் அதிபரிடம் போவார்கள். கொப்பி நிறையாவிட்டால் படிப்பு நடக்கவில்லை என்பதுதான் ஊர்க் கணக்கு, ரியூசன் சேர் ஒரு மணித்தியாலத்தில் எட்டுப் பக்கம் எழுதிப் போடுகிறார் அல்லவா. பிள்ளைகள் வேண்டுமென்று சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரியும். 2019இல் ஹாவர்டில் லூயி டெலோரியே குழுவினர் செய்த ஆய்வில், தாங்களே முயன்று படித்த வகுப்பில் மாணவர்கள் கூடக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். இதை முதல் கிழமையிலேயே பிள்ளைகளுக்கும் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுங்கள். பாடத்தின் கடைசி ஐந்து நிமிடம் கொப்பியில் நான்கு வசனமாவது எழுத விடுங்கள், அது வீட்டில் காட்ட. மேற்பார்வைக்கு வருபவர்களுக்குப் புது முறை என்று சொன்னால் நெற்றி சுருங்கும். 2007 பாடத்திட்ட மறுசீரமைப்போடு வந்த, பாடத்தை ஐந்து படிகளாக நடத்தும் 5ஈ மாதிரி எல்லோருக்கும் தெரியும். பாடத்திட்டக் கொப்பியில் அட்டைக் கேள்வியை ஈடுபடுத்தலின் கீழும், வாதாட்டத்தையும் குமிழ்ச் சோதனையையும் கண்டறிதலின் கீழும், துண்டுத்தாளை மதிப்பிடலின் கீழும் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை.

புள்ளி உயர்ந்ததா என்று அறியத் தவணைப் பரீட்சையை நம்பாதீர்கள், வினாத்தாளின் கடினம் ஒவ்வொரு தவணையும் மாறும். அலகு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஒரே 20 கேள்வியைக் கொடுத்து, புள்ளியை நூற்றுக்கு மாற்றுங்கள். பின் புள்ளியிலிருந்து முன் புள்ளியைக் கழித்து, அதை நூறிலிருந்து முன் புள்ளியைக் கழித்து வருவதால் பிரியுங்கள். வகுப்புச் சராசரி 40இலிருந்து 62க்கு வந்தால் 22ஐ 60ஆல் பிரிக்க 0.37. 1998இல் ரிச்சர்ட் ஹேக் 6,000க்கு மேற்பட்ட மாணவர்களின் பௌதிகவியல் புள்ளிகளை இப்படிக் கணக்கிட்டபோது விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர் கதைத்தும் செய்தும் படித்த வகுப்புகளின் சராசரி 0.48. ஒரு மாதம் கழித்து அதே தாளை அறிவிக்காமல் திரும்பக் கொடுங்கள், அதுதான் உண்மைப் புள்ளி. படிப்பித்த அடுத்தநாள் எல்லா முறையும் நல்ல முறைதான்.

எங்கள் வகுப்பில் நடுத்தட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். அடித்தட்டுப் பிள்ளைகள் ஏறவில்லை. இரவெல்லாம் வீடியோ வெட்டி ஒட்டிய எனக்கு அது கசப்பாக இருந்தது. கிட்ட இருந்து பார்த்தால் காரணம் விஞ்ஞானத்தில் இல்லை. அழுத்த வித்தியாசமும் தடையும் தந்து மின்னோட்டத்தைக் கேட்டால், சமன்பாட்டை மாற்றி எழுதவும் 1.5ஐ 6ஆல் பிரிக்கவும் தெரியாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சுமார் நான்கரை மாதத்தில் கணிதமும் ஹிந்தியும் நன்றாகவே முன்னேறின. அந்த மென்பொருள் பிள்ளையின் தரத்தைப் பார்க்காமல் பிள்ளை உண்மையில் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கேள்வி கொடுத்தது. நாங்கள் அதைத் தாளில் செய்கிறோம். கிழமைக்கு இரண்டு நாள், பாடசாலை விட்ட பின் அரை மணித்தியாலம், பின்னமும் தசமமும். தரம் 6 கணக்கு என்று பெயர் வைத்தால் பிள்ளை வராது, மின்கணக்குப் பயிற்சி என்றுதான் பெயர்.

பழைய மாணவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுபவர்கள் திரையின் விலையை மட்டும் எழுதாமல், ஸ்டெபிலைசர், மேலதிக எச்டிஎம்ஐ வயர் இரண்டு, மட் தாள், குமிழும் குமிழ்தாங்கியும் மின்கலமும் பத்துக் குழுவுக்கு, வருடத்துக்கு ஒருமுறை திருத்துநர் வந்துபோகும் செலவு என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கேளுங்கள். திரைக்குக் காசு தருபவர்கள் இரண்டாம் கடிதத்துக்கு வயர் வாங்கக் காசு தருவதில்லை. இடமாற்றம் எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே கேள்விகளையும் வீடியோக்களையும் உங்கள் போனில் மட்டும் வைத்திருக்காமல், பென் ட்ரைவில் ஒன்று ஆய்வுகூட அலுமாரியில், ஒன்று அதிபரிடம் என்று வையுங்கள். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் எந்தப் பிழையில் விழுந்தார்கள் என்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் அலகு அலகாக எழுதிவாருங்கள். திரையின் பாஸ்வேர்டை அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.